கரூர் மணலில் யவனக் காசுகள்: அடையாளம் காணும் முறைகளும் அவற்றின் எல்லையும்

ஒரு பழங்காசைக் கையில் எடுத்தவர் எவரும், அது எந்த அரசனுடையது, எந்த ஊரில் அடிக்கப்பட்டது, எக்காலத்தது என்ற மூன்று வினாக்களையும் ஒருங்கே எழுப்புவது இயல்பு. அடிக்கப்பட்ட நாட்டிலேயே அக்காசு கிடைத்திருக்குமானால், இம்மூன்றுக்கும் விடை கண்டதோடு ஆராய்ச்சி பெரும்பாலும் முற்றுப்பெறும். ஆனால், ரோட்ஸ் தீவிலோ சிரியாவிலோ அடிக்கப்பட்ட சிறு செம்புக் காசொன்று கரூர் ஆற்றுமணலில் கிடைத்ததென்று சொல்லப்படும்போது, அது இங்கு எப்போது, யார் கைவழியாக, எதன்பொருட்டு வந்தது என்ற நான்காவது வினாவும் உடன் எழுகின்றது. முதல் மூன்று வினாக்களுக்கும் ஐரோப்பிய நாணயவியல் அறிஞர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடி வந்திருக்கின்றனர். நான்காவது வினா தமிழ்நாட்டில் விரிவாக எழுந்தது 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில்தான். முதல்வகை வினாக்களுக்குக் கிடைத்த விடையையே நான்காவதற்கும் விடையாகக் கொண்டுவிடுவதுதான் இத்துறையில் நேர்ந்துவரும் குழப்பங்கள் பலவற்றுக்கு மூலகாரணம் என்று தோன்றுகிறது. அவ்விரண்டையும் பிரித்துவைத்து, ஒவ்வொன்றைப் பற்றியும் எழுந்துள்ள கொள்கைகளின் தோற்றத்தையும் பலத்தையும் குறையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலமும் களமும்

அலெக்சாந்தர் மறைந்த கி.மு. 323ஆம் ஆண்டு முதல், ரோமானியர் எகிப்தைக் கைக்கொண்ட கி.மு. 30ஆம் ஆண்டு வரையிலான மூன்று நூற்றாண்டுகளை ஹெலனிஸ்டிக் காலம் என்று சரித்திரகாரர் வழங்குவர். மக்கெதோனியாவில் அந்திகோனஸ் மரபினர், சிரியா முதல் பாரசீகம் வரை செலூக்கியர், எகிப்தில் தாலமியர், பெர்கமத்தில் அத்தாலியர், இந்துகுஷ் மலைக்கு அப்பால் பாக்டிரிய யவனர் என அலெக்சாந்தரின் சாம்ராஜ்யம் பிரிந்துகிடந்த அக்காலத்தில், அரசர்கள் மட்டுமன்றி ரோட்ஸ், அராதஸ் போன்ற நகரங்களும் தம் பெயரால் காசு அடித்துவந்தன.

இக்காலத்துக் காசுகளை அடையாளம் காண்பதில் உள்ள முதல் இடர்ப்பாடு, அரசர்களின் பெயரிலேயே இருக்கிறது. செலூக்கிய மரபில் அந்தியோக்கஸ் என்ற பெயருடையோர் பதின்மூவர். எகிப்தின் அரசர்களோ ஏறக்குறைய எல்லோருமே தாலமிகள். முதலாம், இரண்டாம் என்ற எண்ணிக்கை பிற்காலத்து ஆசிரியர்கள் வகுத்ததேயன்றிக் காசுகளில் காணப்படுவதன்று. அதற்கும் மேலாக, முதலாம் தாலமியின் முகமே அவன் வழித்தோன்றல்களின் வெள்ளிக் காசுகளில் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து வந்தது. அலெக்சாந்தரின் பெயரைத் தாங்கிய காசுகளும் அவன் மறைந்த பின்னர், அவன் கண்டிராத ஆட்சிகளின் கீழ், கருங்கடற்கரை முதல் பாபிலோன் வரை நெடுங்காலம் அடிக்கப்பட்டன. எனவே, காசிலுள்ள முகமும் பெயரும் அதனை வெளியிட்டவனைக் காட்டும் என்ற பொதுநம்பிக்கை இங்கே செல்லுபடியாவதில்லை.

உருவங்கொண்டு அறியும் நெறி

நாணயவியலை ஒரு சாஸ்திரமாக நிலைநிறுத்தியவர் வியன்னா நகரத்து ஜோசப் எக்கெல். 1792 முதல் 1798 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த அவருடைய நூல், பழங்காசுகளை நாடு, நகரம் என்ற பூகோள வரிசையில் அடுக்கிக் காட்டியது. பார்க்ளே ஹெட் 1887இல் வெளியிட்டு, 1911இல் திருத்திப் பதிப்பித்த பெருநூலும் அவ்வரிசையையே பின்பற்றியது. இம்மரபினர் உருவத்துக்கே முதலிடம் தந்தனர். சிங்கத்தோலைத் தலையில் போர்த்திய ஹெராக்ளிஸ் முன்பக்கத்திலும், கழுகைக் கையில் ஏந்தி அரியணையில் வீற்றிருக்கும் சீயஸ் பின்பக்கத்திலும் இருந்தால் அது அலெக்சாந்தர் வகை. இடியேற்றின்மேல் நிற்கும் கழுகு இருந்தால் தாலமியருடையது. கல்மேல் அமர்ந்து அம்பைப் பார்க்கும் அப்பொல்லோவோ நங்கூரமோ இருந்தால் செலூக்கியருடையது. சூரியதேவனின் தலையும் ரோஜா மலரும் இருந்தால் ரோட்ஸ் தீவினுடையது என்று ஓர் அட்டவணை இதனால் அமைந்தது.

தேய்ந்த காசுகளில் எழுத்து அழிந்து உருவத்தின் நிழல் மட்டுமே எஞ்சுவதால், இன்றும் முதற்படியாக இந்நெறியே கைக்கொள்ளப்படுகிறது. உருவத்தோடு காசு செய்யப்பட்ட விதமும் துணைசெய்வதுண்டு. தாலமியரின் செம்புக் காசுகள் பலவற்றின் நடுவில் சிறு குழியொன்று இருக்கும். செலூக்கியரின் செம்புக் காசுகளில் ஒருசாரன, கி.மு. 2ஆம் நூற்றாண்டில், விளிம்பு முழுவதும் அரம்பம்போல் பல்வெட்டப்பட்டிருக்கும். முகம் முழுவதும் தேய்ந்தொழிந்த நிலையிலும் இவ்விரண்டு அடையாளங்களும் எஞ்சிநிற்கக் கூடியவை.

ஆயினும் உருவம் ஊர்விட்டு ஊர் செல்வது. எபேசஸ் நகரத்துத் தேனீயையும் மானையும் அராதஸ் நகரத்தார் அப்படியே எடுத்துத் தம் வெள்ளிக் காசில் பொறித்துக்கொண்டனர். எழுத்தைப் படிக்காமல் உருவத்தை மட்டும் நோக்கியவர், பினீஷியக் கரையின் காசை ஆசியா மைனரின் காசென்றே கொள்வர். எழுத்தே இல்லாதவிடத்துச் சிக்கல் மேலும் பெருகும். பிரிட்டிஷ் மியூசியத்துக்கு 1887இல் வந்துசேர்ந்த, குதிரைவீரன் ஒருவன் யானையைத் துரத்தும் பெரிய வெள்ளிக் காசை, அலெக்சாந்தர் புருஷோத்தமனோடு ஜீலம் நதிக்கரையில் பொருததன் நினைவாகப் பலர் கொண்டனர். அதனை அடித்தவன் யார், எங்கே அடித்தான் என்ற விவாதம் நூறாண்டுக்கு மேலாகியும் ஓயவில்லை. ஹெராக்ளிஸின் முகம் அலெக்சாந்தரின் சாயலோ என்ற பழைய வினாவும் அத்தகையதே.

கூட்டெழுத்தும் அச்சும்

பின்பக்கத்து உருவத்தின் அருகே காணப்படும் சிறு சின்னங்களும், இரண்டு மூன்று எழுத்துக்களைப் பின்னிய கூட்டெழுத்துக்களும் எதனைக் குறிப்பன என்பதே அடுத்த பெருவிவாதம். டென்மார்க்கைச் சேர்ந்த லுட்விக் முல்லர் 1855இல் அலெக்சாந்தர் காசுகளைத் தொகுத்தபோது, இவை பெரும்பாலும் நகரங்களின் குறிகள் என்று கொண்டு, ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒவ்வோர் ஊரைத் தேடித் தந்தார். எளிமையும் கவர்ச்சியும் உடைய இக்கொள்கை அரை நூற்றாண்டுக்கு மேல் கோலோச்சியது.

இதனை அசைத்தவர் அமெரிக்க அறிஞர் எட்வர்ட் நியூவெல். எகிப்திலுள்ள தமன்ஹூரில் 1905இல் வெளிப்பட்ட பெரும்புதையலின் காசுகளை ஆராய்ந்த அவர், உருவத்தையும் சின்னத்தையும் விட அச்சையே நம்பினார். அக்காலத்தில் காசின் இரு பக்கத்துக்கும் தனித்தனி அச்சு கையால் வெட்டப்பட்டது. பின்பக்கத்து அச்சு விரைவில் தேய, முன்பக்கத்து அச்சு நெடுநாள் உழைத்தது. ஆகவே, வேறு வேறு சின்னங்களைத் தாங்கிய இரண்டு காசுகளின் முன்பக்கம் ஒரே அச்சினால் ஆனதென்று காட்டிவிட்டால், அவ்விரண்டும் ஓர் அக்கசாலையில், ஏறக்குறைய ஒரே காலத்தில் வெளிவந்தன என்பது பெறப்படும். இம்முறையில் பார்த்தபோது, முல்லர் வெவ்வேறு நகரங்களுக்குப் பகிர்ந்தளித்த காசுகள் பல ஒரே அக்கசாலையில் ஒன்றுகூடின. சின்னங்கள் நகரத்தின் குறியாக அன்றி, அக்கசாலை அதிகாரிகளின் குறியாகவே பெரும்பாலும் விளங்கின. 1991இல் மார்ட்டின் பிரைஸ் வெளியிட்ட அலெக்சாந்தர் காசுகளின் பேரட்டவணையும், 2002இலும் 2008இலும் ஹௌட்டன், லோர்பர் முதலியோர் வெளியிட்ட செலூக்கியக் காசுத் தொகுதிகளும் இவ்வழியிலேயே எழுந்தவை.

இந்நெறிக்கும் ஒரு குறை உண்டு. ஓர் இடத்துக் காசுகள் நூற்றுக்கணக்கில் எதிரே இருந்தாலன்றி அச்சு ஒப்பீடு பயன்தராது. அச்சுக்கள் ஊர்விட்டு ஊர் எடுத்துச் செல்லப்பட்டதாகக் கருதப்படும் சில நிகழ்ச்சிகளும் இம்முடிவுகளைத் தளர்த்துகின்றன. தனியொரு தேய்ந்த செம்புக் காசை மட்டும் பெற்றிருப்பவருக்கு நியூவெலின் நெறி ஏறக்குறையப் பயன்படாது; தமிழ்நாட்டில் கிடைத்தனவாகச் சொல்லப்படும் காசுகளின் நிலையோ பெரும்பாலும் அதுவே.

எடையும் ஆண்டும்

கண்ணுக்குத் தெரியும் உருவத்தைவிடத் தராசு சில சமயங்களில் உறுதியான சாட்சி. ஆதென்ஸ் நகரத்து எடைமுறையைத் தழுவிய நான்கு திராக்மா வெள்ளிக் காசு சுமார் 17 கிராம் நிற்கும். தாலமியரின் நான்கு திராக்மாவோ 14 கிராம் அளவினது. எகிப்துக்குள் வந்த அயல்நாட்டுக் காசை உள்நாட்டுக் காசாக மாற்றிக்கொள்ள வேண்டுமென்று தாலமியர் விதித்திருந்ததற்கும் இவ்வெடை வேற்றுமைக்கும் நெருங்கிய தொடர்புண்டு. பாக்டிரியாவில் ஆதென்ஸ் எடையைப் பின்பற்றிய யவனர், இந்துகுஷ் மலைக்குத் தெற்கே இறங்கியதும் சுமார் 2.4 கிராம் நிற்கும் இலகுவான திராக்மாவுக்கு மாறினர். ஆனால் இவ்வாதாரம் வெள்ளிக்கே பெரிதும் பொருந்தும். செம்புக் காசுகளை அக்கசாலையார் ஒவ்வொன்றாக நிறுத்து அடிக்கவில்லை. களிம்பும் தேய்வும் சேர்ந்து, இருந்த எடையையும் மாற்றிவிடுகின்றன.

ஆண்டுக் குறிப்புள்ள காசு கிடைப்பது ஆராய்ச்சியாளனுக்குப் பெரும்பேறு. அங்கும் எச்சரிக்கை வேண்டும். யவனர் எண்களை எழுத்துக்களாலேயே எழுதினர். ‘ரோ’ என்னும் எழுத்து செலூக்கியக் காசின் ஓரத்தில் நூறு என்ற எண்ணாகலாம். ரோட்ஸ் தீவின் காசில் அதே எழுத்து ஊர்ப்பெயரின் முதலெழுத்து. எண்ணென்று தெளிந்த பின்னும், எந்தச் சகாப்தத்தின் எண் என்ற வினா நிற்கும். செலூக்கிய சகாப்தம் கி.மு. 312இலும், அராதஸ் நகரத்தின் தனிச் சகாப்தம் கி.மு. 259இலும் தொடங்குவதால், 120 என்ற ஒரே எண் முன்னதில் கி.மு. 193-192ஐயும், பின்னதில் கி.மு. 140-139ஐயும் குறிக்கும். திருவிதாங்கூர் மன்னராட்சியில் அடங்கியிருந்த களியக்காவிளை வட்டாரத்தார்க்கு இது புதிதன்று. 1118 என்ற எண்ணும் சங்கமுத்திரையும் தாங்கிய சித்திரைத் திருநாள் மகாராஜாவின் வெள்ளிக் காசைக் கொல்லம் ஆண்டு அறியாத வெளியூரார் சோழர் காலத்ததென்று கருதவும் கூடும். அது 1942-43ஆம் ஆண்டினது. அவ்வூர்ச் சந்தைகளில் 28 சக்கரம் கொண்ட சர்க்கார் ரூபாயும், 28½ சக்கரம் பெறுமான பிரிட்டிஷ் ரூபாயும் ஒருசேரக் கணக்கில் நின்றதை எண்ணிப்பார்ப்பவர்க்கு, எடைமுறை இரண்டு ஓரிடத்தில் புழங்குவதும் வியப்பாகாது.

இந்திய எல்லையில் யவன எழுத்து

யவனக் காசுகளை அடையாளம் காணும் கலைக்கு இந்தியா அளித்த பெருங்கொடை, இருமொழிக் காசுகள். மெனாண்டர் முதலிய இந்தோ-கிரேக்க அரசர்களின் காசுகளில் ஒரு பக்கத்தில் கிரேக்க எழுத்தும், மறுபக்கத்தில் கரோஷ்டி எழுத்தில் பிராகிருதமும் அமைந்திருந்தமையால், ஜேம்ஸ் பிரின்செப் முதலியோர் 1830களில் கரோஷ்டி லிபியைப் படிக்க வழி பிறந்தது. ஆப்கானிஸ்தானத்து ஐ-கானூமில் 1970இல் கிடைத்த அகதோக்ளிஸின் சதுரக் காசுகள் ஆறில், கிரேக்க எழுத்தோடு பிராமி எழுத்தும், வாசுதேவன், சங்கர்ஷணன் என்று கொள்ளப்படும் உருவங்களும் பொறிக்கப்பட்டிருந்தன.

இவ்வரசர்களின் வரலாற்றை எழுதியவரிடையே கருத்துவேறுபாடு கடுமையானது. 1938இல் டார்ன், பாக்டிரிய யவனரை ஹெலனிஸ்டிக் உலகின் ஐந்தாவது ராஜ்யமாகக் கண்டு, அவர்கள் கதையை கிரேக்க சரித்திரத்தின் ஓர் அத்தியாயமாக எழுதினார், 1957இல் ஏ.கே. நாராயண் அதனை மறுத்து, அவர்கள் கதை இந்திய சரித்திரத்தின் பகுதி என்றார். இலக்கியச் சான்று மிகக் குறைந்த அத்துறையில் இருவரும் பெரிதும் ஊன்றியது காசுகளையே. சில காசுகளைக் கொண்டு ஒரு முழு வமிசத்தையும் படைத்துவிடும் அபாயத்தை இவ்விவாதம் நன்கு புலப்படுத்தியது. ஒஸ்மண்ட் பொபேஆராச்சி 1991இல் வெளியிட்ட அட்டவணை, அச்சும் கூட்டெழுத்தும் மறு அச்சும் கொண்டு அரசர் வரிசையை மீண்டும் ஒழுங்குசெய்தது.

இங்கே தென்னாட்டு ஆராய்ச்சியாளர் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கிரேக்க எழுத்து காணப்படுவதனாலேயே ஒரு காசு ஹெலனிஸ்டிக் காலத்ததாகிவிடாது. மேலைக் க்ஷத்ரபர், கி.பி. முதல் நூற்றாண்டுகளில் தாம் அடித்த சிறு வெள்ளிக் காசுகளின் ஓரத்தில் கிரேக்க எழுத்துக்களைப் பொறித்தனர். காலம் செல்லச் செல்ல அவை பொருளற்ற கோடுகளாகச் சிதைந்தன. நகபானனுடைய அத்தகைய காசுகள் ஜோகல்தெம்பியில் 1906இல் பதின்மூவாயிரத்துக்கு மேல் கிடைத்தன. அவற்றுள் ஒன்பதினாயிரத்துக்கு மேற்பட்டவை கௌதமீபுத்ர சாதகர்ணியால் மறு அச்சு இடப்பட்டவை. இத்தகைய காசொன்று ஆற்றுமணலில் தேய்ந்து கிடைக்குமாயின், முகமும் இரண்டொரு கிரேக்க எழுத்தும் மட்டும் கண்டு அதனை யவனக் காசென்று முடிவுகட்டுவது எளிது, தவறும் ஆகும்.

கரூரும் அமராவதி ஆறும்

தமிழ்நாட்டின் அயல்நாட்டுக் காசுகள் என்றவுடன் நினைவுக்கு வருவன ரோமானியக் காசுகளே. அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோரின் வெள்ளிக் காசுகளும் பொற்காசுகளும் கொங்கு நாட்டுப் பெருவழியெங்கும் புதையல்களாக வெளிப்பட்டுள்ளன. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளில் மிகப்பலவற்றின் முகத்தில் உளிவெட்டு இருந்ததை அவ்வாண்டே ஜார்ஜ் ஹில் எழுதிவைத்தார். ராபர்ட் சூயல் 1904இலும் பவுலா டர்னர் 1989இலும் இவற்றைத் தொகுத்தனர். இத்தொகுப்புகளின் நோக்கு ரோமானியக் காசுகளைப் பற்றியதாதலால், அவற்றுக்கு முற்பட்ட கிரேக்கக் காசுகளைப் பற்றிய விவாதத்துக்கு அங்கே இடமில்லை.

அதனைத் தொடங்கிவைத்தவர் ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. நாஞ்சில் நாட்டைச் சேர்ந்த டி.வி. ராமசுப்பையரால் 1951இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்ற அந்நாளிதழின் பணியோடு, சங்ககாலக் காசுகளின் ஆராய்ச்சியையும் மேற்கொண்ட அவர், ‘பெருவழுதி’ என்று தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பாண்டியர் செம்புக் காசை வெளிப்படுத்திப் புகழ்பெற்றவர். கரூரில் கிடைத்த செலூக்கியக் காசுகள், பினீஷியக் காசுகள், ரோட்ஸ், கிரீட் தீவுகளின் காசுகள் என 1990களில் அடுத்தடுத்துக் கட்டுரைகள் வெளியிட்ட அவர், ரோமானியமல்லாத அயல்நாட்டுக் காசுகள் அனைத்தையும் 2000ஆம் ஆண்டில் ஒரு தனி நூலாகத் தொகுத்தார். கரூர்தான் சேரர் வஞ்சியா, அன்றி மேல்கடற்கரைத் திருவஞ்சைக்களமா என்ற பழைய வழக்கில் கரூர்க் கட்சிக்கு இக்காசுகளும் ஒரு துணையாயின.

இக்காசுகள் கிடைத்த விதம் கவனிக்கத்தக்கது. அமராவதியில் நீர் வற்றும் காலத்தில் மணலைச் சலித்து உலோகத் துணுக்குகளைப் பொறுக்குவோர் கரூரில் உண்டு. வில்லும் அம்பும் பொறித்த சேரர் செம்புக் காசு, ‘மாக்கோதை’ என்று எழுதிய முகமுள்ள வெள்ளிக் காசு, ரோமானியச் சிறுகாசு ஆகியவை ஒரே சல்லடையில் வந்து, அங்கிருந்து வியாபாரியின் கைக்கும், அவர் கையிலிருந்து சேகரிப்பாளரின் பேழைக்கும் செல்கின்றன. மண்ணடுக்கு என்ற சாட்சி இங்கே இல்லை. 1970களில் தமிழ்நாடு தொல்லியல் துறை கரூரில் அகழ்ந்தபோது உருளைக் கோலமிட்ட ரௌலட்டெட் ஓடுகளும் மேலைநாட்டுச் சாடிகளான ஆம்போராக்களின் ஓடுகளும் மண்ணடுக்கிலேயே கிடைத்தன. யவனக் காசுகளைப் பற்றிய வாதமோ அவ்வடுக்குகளைச் சாராமல் ஆற்றுமணலையே சார்ந்து நிற்கிறது.

ரோட்ஸ் தீவின் சிறு செம்புக் காசொன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். விரல் நகத்தளவே உள்ள அதன் ஒரு பக்கத்தில் தலையொன்று. மறுபக்கத்தில் காம்போடு கூடிய ரோஜாவும், அதன் இருமருங்கும் ‘ரோ’, ‘ஓ’ என்னும் இரண்டு எழுத்துக்களும் இருக்கும். தலை தேய்ந்திருந்தாலும், மலரும் ஓர் எழுத்தும் தெளிவாக நின்றால் அது ரோட்ஸ் காசென்பதில் ஐயமில்லை. ஆனால் அது கி.மு. 3ஆம் நூற்றாண்டினதா, 1ஆம் நூற்றாண்டினதா என்பதைத் தலையின் அமைப்பும் சிகையும் தெரிந்தாலன்றிச் சொல்லல் அரிது. அது கரூருக்கு வந்த ஆண்டைப் பற்றியோ அக்காசு ஒரு சொல்லும் சொல்லுவதில்லை. இதனால், கிருஷ்ணமூர்த்தி செய்த அடையாளத்தை ஒப்புக்கொள்பவரும் அதிலிருந்து பெறப்படும் சரித்திரத்தில் வேறுபடக்கூடும்.

வந்த காலம் பற்றிய கொள்கைகள்

முதற்கொள்கை, இக்காசுகள் அடிக்கப்பட்ட காலத்திலேயே, அதாவது ரோமானியருக்கு முன்னரே, தமிழ்நாட்டுக்கு வந்தன என்பது. கி.மு. 118ஐ ஒட்டி யூடாக்ஸஸ் என்னும் மாலுமி எகிப்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வந்ததை ஸ்திராபோ எழுதியிருப்பதும், 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டின் காலத்தை 1983இல் விமலா பெக்லி மேலும் முன்னுக்குக் கொண்டுசென்றதும் இதற்கு ஆதரவாகக் காட்டப்படும். ஆனால், தாலமியர் காலத்தில் இருபது கப்பல்கள்கூட நீரிணையைத் தாண்டத் துணிந்ததில்லை என்று சொல்லும் அதே ஸ்திராபோ, அகஸ்டஸ் காலத்தில் ஆண்டுதோறும் 120 கப்பல்கள் சென்றதாகக் குறிக்கிறார். மேலும், கடல்வழி எகிப்திலிருந்து வந்ததாயின் தாலமியர் காசே முன்னிற்க வேண்டும். கரூர்க் கட்டுரைகளிலோ சிரியாவும் பினீஷியாவும் ஈஜியன் தீவுகளும் முன்னிற்கின்றன. தாலமியர் காசு எகிப்துக்கு வெளியே பரவலாகப் புழங்காமையைக் காட்டி இதற்கு ஒரு சமாதானம் கூறலாம். அது முற்றிலும் நிறைவளிப்பதாக இல்லை.

இரண்டாவது கொள்கை, இவை ரோமானியர் காலத்தில் வந்த பழங்காசுகள் என்பது. கீழை மத்தியதரைக் கடற்பகுதியில் பழைய செம்புக் காசுகள் அவற்றை அடித்த அரசு அழிந்த பின்னரும் சில்லறையாகப் புழங்கின. இந்திய மேல்கரையின் பரிகாசா துறைமுகத்தில் அப்பொல்லோடோட்டஸ், மெனாண்டர் ஆகியோரின் பழைய திராக்மாக்கள் தம் காலத்திலும் வழங்குவதாக, அவர்களுக்கு இருநூறு ஆண்டு பிற்பட்ட, பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழிக் கையேட்டின் ஆசிரியர் எழுதியிருப்பது, காசின் ஆயுள் அரசனின் ஆயுளைவிட எவ்வளவு நீண்டது என்பதற்கு இந்தியாவிலேயே கிடைத்த சாட்சி. செங்கடற்கரைக் குசைர் அல்-காதிமில் கிடைத்த ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ்-பிராமியில் இருப்பதால், போய்வந்த தமிழ் வணிகரின் முடிச்சிலும் இவை வந்திருக்கலாம். இக்கொள்கைக்குரிய சோதனை ஒன்றே: இவற்றோடு அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா நகரங்களின் ரோமானியகாலச் செம்புக் காசுகளும் தக்க விகிதத்தில் கிடைக்க வேண்டும்.

மூன்றாவது கொள்கை, இவை காசாக அன்றி உலோகமாக வந்தன என்பது. மேல்கடற்கரைத் துறைமுகங்களுக்குச் செம்பும் தகரமும் ஈயமும் இறக்குமதியானதைப் பெரிப்ளூஸ் தெளிவாகச் சொல்கிறது. உருக்குவதற்கென வந்த செம்புத் துண்டுகளில் செல்லாக் காசுகள் கலந்திருந்தால், பல நாட்டுக் காசுகள் ஓரிடத்தில் கலந்து கிடப்பதற்கு நல்ல விளக்கம் கிடைக்கிறது. ஆனால் உலோகமாக வந்தது உருகாமல் எஞ்சியது ஏன் என்பதற்கு விளக்கமில்லை. உலோகப் பகுப்பாய்வு ஒன்றே இதற்குத் துணைசெய்யும்.

நான்காவது, இவற்றுள் சில நம் காலத்திலேயே வந்துசேர்ந்தன என்ற ஐயக்கொள்கை. கிரேக்கச் சிறுகாசுகள் ஐரோப்பியச் சந்தையில் மலிவானவை. மேலைநாட்டுப் போர்முனைகளுக்குச் சென்ற சிப்பாய்களும், யாத்திரிகரும், வியாபாரிகளும் அவற்றைக் கொண்டுவந்திருக்கலாம். உள்ளூரில் கிடைத்ததென்று சொன்னால் விலை உயரும். பிரிட்டனிலும் இதே வழக்கு நடந்தது. அத்தீவுகளில் கிடைத்த கிரேக்கக் காசுகளைப் பழைய வாணிகத்தின் சான்றாக 1948இல் மில்ன் எடுத்துரைத்தார். பின்வந்தோரில் பலர் அவற்றுள் கணிசமானவை சேகரிப்பாளர் தவறவிட்டவை என்று ஐயுற்றனர். இருப்பினும், ஐயம் ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு அனைத்தையும் தள்ளுவதும் நியாயமன்று. ஆற்றுமணலில் பல்லாண்டு உருண்ட காசின் தேய்வுக்கும், பேழையில் இருந்த காசின் மெருகுக்கும் வேற்றுமை உண்டு. ஒரே ஆற்றிலிருந்து பல ஆண்டுகளாகப் பல கைகளின் வழியாக வந்த செய்திகள் அனைத்தும் பொய்யென்று கொள்வதற்கும் தனி ஆதாரம் வேண்டும்.

தென்கோடிக் கரையும் நூற்சான்றும்

குமரிக் கரையைப் பற்றிய நூற்சான்றுகள் செழிப்பானவை. பெரிப்ளூஸ் பலிதா என்னும் நல்ல துறையையும், அதனைக் கடந்து கொமர் என்னும் புண்ணியத் தலத்தையும் குறிக்கிறது. பலிதாவை விழிஞ்ஞம் என்பாரும் வர்க்கலை என்பாரும் உளர். கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான பூகோள ஆசிரியர் தாலமி, ஆய் நாட்டின் தலைநகராகக் கோட்டியாராவைச் சொல்ல, அது நாகர்கோவிலை அடுத்த கோட்டாறு என்று பலரும் கொள்வர். களியக்காவிளையும் குழித்துறையும் பார்த்திவபுரமும் அவ்வாய் நாட்டின் எல்லைக்குள் அடங்கியவையே.

இவ்வளவு நூற்சான்று இருப்பதனால் இக்கரையிலும் யவனக் காசு இருந்தே தீரவேண்டும் என்று முடிவுகட்டிவிட்டுத் தேடுவது முறையன்று. மேற்கண்ட நூல்கள் இரண்டும் ரோமானியர் காலத்தவை. ஹெலனிஸ்டிக் காலத்து வாணிகத்துக்கு அவை நேரடிச் சாட்சியாகமாட்டா. அன்றியும், காசு பெரும்பாலும் பண்டம் கைமாறும் சந்தையிலும் பெருவழியிலும் தங்குமேயன்றி, கப்பல் தண்ணீர் பிடிக்கும் துறையில் தங்க வேண்டுமென்பதில்லை. நூலில் உள்ள ஊர்ப்பெயரும் மண்ணில் கிடைக்கும் காசும் வெவ்வேறு வகைச் சாட்சிகள். ஒன்றின் வெற்றிடத்தை மற்றொன்றைக் கொண்டு நிரப்புதல் ஆகாது.

மதிப்பீடு

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகளைச் சொல்லலாம். ஹெலனிஸ்டிக் காசு ஒன்றின் ஊரையும் மரபையும் உருவம், எழுத்து, எடை, செய்த விதம் ஆகிய நான்கும் ஒத்துநிற்கும்போது உறுதியாகச் சொல்ல இயலும். ஒன்றோ இரண்டோ மட்டும் இருப்பின் ‘ஆகலாம்’ என்ற அளவில் நிற்பதே தகும். அக்கசாலையும் அடித்த ஆண்டும் பெரும்பாலும் புதையல்களாலும் அச்சு ஒப்பீட்டாலும் துணியப்படுவன. தனிக்காசு அவற்றைத் தானே சொல்வது அரிது. வந்த காலமோ காசின்மேல் எழுதப்படுவதன்று. அதனைச் சொல்லவல்லது மண்ணடுக்கு ஒன்றே. கரூர்க் காசுகளின் பொதுவான அடையாளத்தை ஏற்றுக்கொள்வதற்குத் தடையில்லை. அவற்றைக் கொண்டு கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே கரூருக்கும் ஈஜியன் கடலுக்கும் நேர்வாணிகம் இருந்ததென்று நிறுவுவது இன்றுள்ள ஆதாரத்தைக் கடந்ததாகும். நான்கு கொள்கைகளுள் இரண்டாவதே இப்போதைக்குக் குறைந்த இடர்ப்பாடுடையது; எனினும் எல்லாக் காசுகளும் ஒரே வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்ற நியதி இல்லை.

எஞ்சிநிற்கும் வினாக்களுக்கு விடை, அகழ்வில் கிடைக்கும் ஒரு காசினாலும், சேகரிப்புகளில் உள்ளவற்றை எடை, விட்டம், உலோகக் கலப்பு, தேய்வு ஆகியவற்றோடு மறுபடியும் வெளியிடுவதாலும் வரக்கூடும். அதுவரை பொதுமக்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ, ஆற்றில் மணல் வாரும்போதோ பழங்காசு கிடைத்தால் அதனைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். களிம்போடு சேர்ந்து எழுத்தும் போய்விடும். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும், உடன் கிடைத்த ஓடுகளையும் குறித்துவைத்து, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டுமென்னும் 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின்படி உடனே தெரிவிக்க வேண்டும்.